வியாழக்கிழமை மீன் பர்கர்

ஜனவரி 4

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்றுதான் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை.

இனி போன் வேண்டாம் என்று நான் சொன்னது கோபத்தில் சொன்னதில்லை. யோசித்துத்தான் சொன்னேன். ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் "என்னங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் "போட்டாச்சும்மா, போட்டாச்சு" என்றீர்கள். மாத்திரையைத் தொட்டே ஒரு வருஷம் ஆகிறது என்று, விசில் என்று நீங்கள் கூப்பிடுகிறவர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. கிரேனுக்குக் கீழே விசிலும் கையுமாக நின்று உங்களுக்குச் சைகை காட்டுகிற மனிதருக்குத் தெரிந்த விஷயம், கட்டிய பெண்டாட்டிக்குத் தெரியவில்லை. உங்கள் குரல் கூசாமல் பொய் சொல்லும். கைக்கு அது வராது. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய கடிதங்களில் எந்த வரியில் புளுகினீர்களோ அந்த வரியில் எழுத்து சாய்ந்திருக்கும். அதனால் எழுதுங்கள்.

போன மாதம் கம்பெனி டாக்டர் அளந்தது 170/110. மூன்று மாதம் தவணை கொடுத்திருக்கிறார். மார்ச் 27 அன்று மறுபடி பரிசோதனை. தேறினால் கிரேன், இல்லையென்றால் இறக்கிவிடுவார்கள். நீங்கள் தேறிய சேதி வருகிற அன்றே ராஜினாமா கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். இந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் போதும். ஆனால் இன்னும் ஒரு பொய் என்று தெரிந்தால் வரமாட்டேன். மிரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மாமா மாத்திரைகளைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்துவிட்டு மாடிப்படியில் சரிந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அவர் மகனையும் அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மாத்திரையோடு வாயையும் கட்ட வேண்டும். வேலை முடிந்து வரும் வழியில் அந்தக் கடையில் எண்ணெய் சொட்டச் சொட்ட மீன் பர்கர் தின்பதை விடச் சொன்னால் விடமாட்டீர்கள். சரி, அதையே வீட்டில் செய்யுங்கள். முள்ளில்லாத வெள்ளை மீன் கால் கிலோ. கத்தியால் பொடியாகக் கொத்துங்கள். ஒரு பிடி ஓட்ஸ், பாதி வெங்காயம், இஞ்சி, மிளகு, எலுமிச்சைத் தோல் துருவல். பிசைந்து வட்டமாகத் தட்டி, அரைமணி ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் இரண்டு பக்கமும் வேகவிடுங்கள். கோதுமை பன். மயோனைஸுக்குப் பதிலாகக் கெட்டித் தயிரில் வெள்ளரியும் பூண்டும் துருவிப் போடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டு நிறைய சாலட்: முட்டைக்கோஸ், தக்காளி, வெள்ளரி, எலுமிச்சைச் சாறு. உப்பு எதிலும் கிடையாது. உப்பு டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

வியாழக்கிழமை உங்களுக்கு அரைநாள்தானே? அன்று செய்து, சாப்பிட்ட கையோடு எனக்கு எழுதுங்கள். பிரஷர் எண்ணையும் எழுதுங்கள்.

கவலையோடும் கொஞ்சம் கோபத்தோடும்,
உங்கள் மனைவி


ஜனவரி 15, வியாழன்

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கை மீன் வாடை போகவில்லை. கடிதத்தை மோந்து பார்த்தாலே நான் செய்தேன் என்பதற்கு அத்தாட்சி கிடைக்கும்.

ஆனால் செய்ததைப் பர்கர் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பன்னுக்கு நடுவில் நடந்த விபத்து என்று வேண்டுமானால் சொல்லலாம். மீனைக் கழுவி அப்படியே கொத்தினேன். தட்டும்போது ஒழுங்காகத்தான் இருந்தது. திருப்பிப் போட்டதும் நாலாப் பக்கமும் ஓடிவிட்டது. இருபது மாடி உயரத்தில் உட்கார்ந்து இரண்டு டன் கம்பியை முழங்கை அகலச் சந்தில் சத்தமில்லாமல் இறக்குகிறவன், ஒரு மீன் வடையைத் திருப்பத் தெரியாமல் அடுப்பு முன்னால் முழித்துக்கொண்டு நின்றேன். உப்பில்லாத மீன் என்ன ருசி என்று கேட்காதே. ஈரத் துணியைக் கடித்ததுபோல இருந்தது. மிளகை அள்ளிப் போட்டுத் தின்றேன்.

சாலட்டையும் தின்றேன். தட்டு காலி. முட்டைக்கோஸை மென்று மென்று தாடை வலிக்கிறது. மாடுகள் எப்படி நாள்பூராவும் சமாளிக்கின்றனவோ!

பிரஷர் 158/100. மாத்திரை தினமும் காலையில், விசில் முன்னால் நின்று விழுங்குகிறேன். "உங்க வீட்டம்மா என்னை இன்ஸ்பெக்டர் ஆக்கிட்டாங்க, வாயத் திறந்து காட்டுங்க" என்கிறார். இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஏணி ஏறும்போது இப்போது மூச்சு வாங்குகிறது. பாதியில் ஒரு தடவை நிற்கிறேன். போனில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன். எழுத்து சாய்ந்திருக்கிறதா, அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள்.

கிரேன் கேபின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் விமான நிலையத்து விளக்குகள் தெரிகின்றன. ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் உன் ஞாபகம்தான். சீக்கிரம் வந்துவிடு. தனியாக முட்டைக்கோஸ் தின்பது கொடுமை.

உன்,
மேலே இருப்பவன்


ஜனவரி 24

அன்புள்ள மேலே இருப்பவருக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். விபத்து என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் அறைத்தோழி பிடுங்கிப் படித்துவிட்டு, "இவரையா இத்தனை நாளாத் திட்டிக்கிட்டிருக்கே?" என்றாள். மூன்று மாதத்துக்கு அப்புறம் கேட்கச் சொன்னேன்.

மீனைக் கழுவியபின் துணியில் சுற்றி நன்றாகப் பிழிய வேண்டும். தண்ணீர்தான் உங்கள் வில்லன். அப்புறம், வேகும்போது சும்மா சும்மா நோண்டக்கூடாது. ஓரம் சிவந்தபிறகு ஒரே தடவை திருப்புங்கள். உங்களுக்குப் பொறுமை கேபினுக்குள் மட்டும்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைக் கொஞ்சம் அடுப்படிக்கும் இறக்குங்கள்.

மூச்சு வாங்குவதை எழுதியது நல்ல காரியம். ஏணியில் இரண்டு இடத்தில் நில்லுங்கள். தலை சுற்றினால் அன்று ஏறவே ஏறாதீர்கள். யார் என்ன சொன்னாலும் சரி. விசிலிடம் சொல்லுங்கள், என்னிடமும் சொல்லுங்கள்.

ராஜினாமாக் கடிதத்தை எழுதி அலமாரியில் வைத்துவிட்டேன். தேதி போட வேண்டியதுதான் பாக்கி. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது. உங்களை நம்பித்தான் எழுதியிருக்கிறேன். அதைக் கிழிக்க வைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் நர்ஸம்மா


பிப்ரவரி 5, வியாழன்

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மீனைப் பிழிந்தேன். உடையவில்லை. இரண்டு சாப்பிட்டேன், சாலட்டும் ஆயிற்று. பிரஷர் 150/96. மாத்திரை தவறவில்லை.

இந்த வாரம் அதிகம் எழுத முடியவில்லை. கொஞ்சம் அசதி.

நீ வேளைக்குச் சாப்பிடு.

உன்,
வீட்டுக்காரன்


பிப்ரவரி 19, வியாழன்

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

போன கடிதம் சுருக்கமாகப் போய்விட்டது. இன்று சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் இன்றைக்குப் பர்கர் அப்படி அமைந்துவிட்டது! நீ இருந்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பாய்.

உனக்கே தெரியாத சங்கதிகள் சில சொல்கிறேன், குறித்துக்கொள். தட்டும்போது கையுறையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் மீன் ஒட்டவே ஒட்டாது. ஓட்ஸ் மட்டும் போதாது, கிலோவுக்கு இரண்டு முட்டை சேர்த்தால்தான் பிடிப்பு வரும். உப்பு இல்லாத குறையை எலுமிச்சைத் தோல் பாதி தீர்க்கும், மீதியைக் கடைசியில் தூவுகிற வெந்தயக்கீரை தீர்க்கும். முட்டைக்கோஸை முந்தின நாளே நறுக்கி வைத்தால் துவண்டுவிடும். காலை பத்து மணிக்கு மேல் நறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டால் சாப்பிடுகிற வரைக்கும் மொறுமொறுவென்று இருக்கும். தயிரை வடிகட்டித்தான் சாஸ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பன் ஊறி, கையோடு வந்துவிடும். யாருக்கும் அது பிடிக்காது.

உப்பு ஞாபகமே வருவதில்லை என்றால் நம்புவாயா? பிரஷர் 140/90. நன்றாகத் தூங்குகிறேன். சமைப்பது இவ்வளவு சந்தோஷமான வேலை என்று நீ ஏன் இத்தனை வருஷம் என்னிடம் சொல்லவில்லை?

உன்,
மீன்காரன்


பிப்ரவரி 28

ஐயா,

உங்கள் கடிதத்தை ஏழெட்டுத் தடவை படித்துவிட்டேன். என் அறைத்தோழி, "சந்தோஷமாத்தானே எழுதியிருக்காரு, அப்புறம் என்ன?" என்கிறாள். அந்தச் சந்தோஷம்தான் என்னை அரிக்கிறது.

நம் வீட்டில் உங்களுக்கென்று கையுறை கிடையாது. நான் விட்டுவந்த ஒரு ஜோடியும் உங்கள் கைக்கு நுழையாது, கிழிந்துவிடும். நான் எழுதியது கால் கிலோ. நீங்கள் எழுதுவது கிலோவுக்கு இரண்டு முட்டை. ஒற்றை ஆளுக்குக் கிலோக் கணக்கில் மீன் எதற்கு? வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் இருக்க வேண்டிய இடம் தரையிலிருந்து எழுபது மீட்டர் உயரத்தில். அங்கே முட்டைக்கோஸ் விளைகிறதா? பன் ஊறினால் யாருக்கும் பிடிக்காது என்கிறீர்கள். யார் அந்த யாருக்கும்?

இரண்டு கடிதங்களாகக் கிரேன் என்ற வார்த்தையே இல்லை. விசில் இல்லை. ஏணி இல்லை. உயிரையே அந்தக் கேபினுக்குள் வைத்திருக்கிற மனிதர் நீங்கள். கல்யாணமான மறுவாரம் என்னை அழைத்துப்போய் முதலில் காட்டியது அதைத்தான்.

எழுத்து ஒரு வரியில்கூடச் சாயவில்லை. நானும் பார்த்தேன். அதனால் பயம் இன்னும் அதிகமாகிறது. பொய் இல்லை என்றால், நீங்கள் நிஜமாகவே எங்கோ ஒரு நல்ல சமையலறையில் கையுறை போட்டுக்கொண்டு யாருக்கோ மீன் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நன்றாகத் தூங்குகிறீர்கள் வேறு!

நேராகவே கேட்கிறேன். யார் வீட்டுச் சமையலறை அது? அவள் யார்?

கேலிக்குக் கேட்கவில்லை. சொல்வதை ஒரே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். துண்டு துண்டாக வேண்டாம்.

உங்கள் மனைவி


மார்ச் 8

என் அன்புள்ளவளுக்கு,

கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன். அவள் என்று யாரும் இல்லை. அவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் கட்டட வேலைக் கேன்டீன் மாஸ்டர். வயது ஐம்பத்தெட்டு, மீசை காதைத் தொடும், வாயைத் திறந்தால் வசவு. அவருடைய சமையலறையில்தான் நான் ஒரு மாதமாக மீன் கொத்துகிறேன். கையுறை அவர் கொடுத்தது.

பிப்ரவரி 2, திங்கட்கிழமை. மாத்திரை போட்டுத்தான் ஏறினேன், அதில் சந்தேகமே வேண்டாம். ஏணியில் இரண்டு இடத்தில் நின்றேன். ஒன்பது மணி வாக்கில் கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கிப் பாதி தூரம் கொண்டுபோனேன். கீழே விசில் நின்றிருந்தார். திடீரென்று கண் இருட்டிவிட்டது. மூன்று நொடிதான் இருக்கும். கை நெம்புகோலை விட்டால் அது தானாக நடுவுக்கு வந்து நின்றுவிடும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அதனால் கம்பி அப்படியே அந்தரத்தில் நின்றது, விசிலின் தலைக்கு நேர்மேலே. அவர் ஒரு தடவை விசில் அடித்திருக்கிறார், பதில் இல்லை. மறுபடி அடித்திருக்கிறார். மூன்றாவது தடவையும் அடித்துவிட்டு, கையில் இருந்த கொடியைப் போட்டுவிட்டு ஏணிக்கு ஓடிவந்து முதல் படியில் காலை வைத்துவிட்டார். நான் கண் திறந்தபோது கண்ணாடி வழியாக அவர் உச்சந்தலைதான் தெரிந்தது.

கம்பியைப் பத்திரமாக இறக்கினேன். பிறகு நானும் இறங்கினேன். நேராகப் பாதுகாப்பு அதிகாரி அறைக்குப் போய், தலை சுற்றுகிறது, இனி என்னை ஏற்றாதீர்கள் என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். யாரும் என்னை இறக்கவில்லை. நானாகத்தான் இறங்கினேன். விசில், "இன்னும் ரெண்டு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டிருந்தா பரிசோதனையில தேறிடலாமேய்யா" என்றார். "கம்பி உன் தலை மேல இருந்துச்சுய்யா" என்றேன். கீழே போட்டிருந்த கொடியை எடுக்கப் போய்விட்டார்.

கிடங்கில் உட்காரச் சொன்னார்கள். இரண்டு நாள் உட்கார்ந்தேன், பைத்தியம் பிடித்தது. கேன்டீனில் ஆள் குறைகிறது என்று மாஸ்டர் கத்திக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் செய்யத் தெரியும், அதுவும் உப்பில்லாம" என்று போய் நின்றேன். வியாழக்கிழமை மதியம் அறுபத்து நாலு பேருக்கு மீன் பர்கரும் சாலட்டும் இப்போது என் பொறுப்பு. முதல் வாரம் எல்லோரும் உப்பைக் கேட்டுத் தட்டைத் தட்டினார்கள். இப்போது கேட்பதில்லை. சாலட் தட்டு காலியாகத்தான் திரும்புகிறது, எலெக்ட்ரீஷியன்கள் தட்டைத் தவிர. கடைசியில் அந்தப் பர்கரிலேயே இரண்டு எடுத்து நானும் சாப்பிடுகிறேன். நான் உனக்கு எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எழுதாமல் விட்டதுதான் அத்தனையும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். தேறிய சேதி வந்த அன்று வருகிறேன் என்று எழுதியிருந்தாய். இனி தேறுவதற்கு ஒன்றும் இல்லை. கிரேன்காரன் பெண்டாட்டி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவள், மீன் கொத்துகிறவனைத் தேடி எதற்கு வருவாள் என்று நினைத்துவிட்டேன். எழுத உட்காரும்போதெல்லாம் உன் அலமாரியில் இருக்கிற அந்தக் கடிதம் ஞாபகம் வரும். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று பர்கரைப் பற்றி எழுதிவிடுவேன்.

பிரஷர் 134/86. எனக்கு மேலே ஏற ஆசை இல்லை. அதைச் சொல்லத்தான் ரொம்பப் பயமாக இருந்தது.

உன்,
இறங்கி வந்தவன்


மார்ச் 17

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

முதலில் சேதி. போன மாதம் 28ஆம் தேதி உங்களுக்கு அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, நேராக மேட்ரன் அறைக்குப் போய் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேளுங்கள். அந்தப் பெண்ணை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்கத்தான். என்ன பேச வேண்டும் என்று மனப்பாடம்கூடச் செய்துவைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்து பார்த்தால் அவளுக்கு மீசை இருக்கிறது. இனி ராஜினாமாவைத் திரும்ப வாங்க முடியாது. வாங்கப் போகவும் இல்லை. ஏப்ரல் 5 அன்று கிளம்புகிறேன்.

அதனால் கோபம் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வேறொரு பெண் என்றிருந்தால் சண்டை போட்டு, அழுது, எப்படியோ ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். நீங்கள் கீழே இறங்கிய நாளில் என்னிடம் சொல்லத் தோன்றவில்லையே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? நான் கட்டிக்கொண்டது கிரேனை என்று நினைத்தீர்களா? தேறினால் வருகிறேன் என்று எழுதியது, பரிசோதனைக் காகிதமாவது எனக்கு உண்மையைச் சொல்லுமே என்றுதான். நான் எழுதியதும் தப்புதான். ஆளுக்கு விலை போட்டதுபோல ஆகிவிட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒரு மனிதரின் தலைக்கு மேலிருந்து கம்பியை நகர்த்தி இறக்கிவிட்டு, நானாக இறங்கினேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை வார்டில் நின்றபடியே படித்தேன். இத்தனை வருஷத்தில் உங்களைப் பற்றி எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததே இல்லை.

இப்போது நர்ஸாகக் கேட்கிறேன். மூன்று நொடி என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வரியில் மட்டும் எழுத்து சாய்ந்திருக்கிறது. ஒருவர் விசில் அடித்து, காத்திருந்து, மறுபடி அடித்து, காத்திருந்து, மூன்றாவதும் அடித்துவிட்டு, கொடியைப் போட்டுவிட்டு ஓடி ஏணியில் கால் வைக்க மூன்று நொடி போதாது. இங்கே வராந்தாவில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நானே ஓடிப் பார்த்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். தலைசுற்றல் வேறு, நினைவு தப்புவது வேறு. அதிகாரியிடமும் தலைசுற்றல் என்றுதான் எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள். அப்படியானால் எந்த டாக்டருக்கும் இது தெரியாது.

27ஆம் தேதி பரிசோதனைக்குப் போங்கள். கிரேனுக்காக இல்லை, எனக்காக. போவதற்கு முன்னால் எனக்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எத்தனை நொடி?

எப்படியிருந்தாலும் வருகிறேன். பதில் என்னவாக இருந்தாலும் வருகிறேன். தெரிந்துகொண்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் மனைவி


மார்ச் 24

என் அன்புள்ளவளுக்கு,

பதினொன்று. விசில் எண்ணியிருக்கிறார். யாரிடமும் சொல்லாதே என்று அவரைக் கெஞ்சி வைத்திருந்தேன். 27ஆம் தேதி டாக்டரிடம் சொல்வதற்கு அவரையே கூட்டிக்கொண்டு போகிறேன்.

எனக்கு அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. பயமாக இருக்கிறது. வா.

உன்,
வீட்டுக்காரன்